ஈஸ்ட்டின் மேல் ஏன் இந்தப் பழி?

உடம்புக்கு என்ன வந்தாலும் ஈஸ்ட்டை விட்டுப் பாருங்கள் என்று சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். வயிற்று உப்புசம், ஓயாத களைப்பு, தோல் அரிப்பு, தலைவலி, உடல் பருமன், மறதி என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தொல்லைகள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் ஈஸ்ட்தான் என்பது அவர்கள் வாதம். அந்த உணவுமுறையில் பிரெட்டும் பன்னும் முதலில் போகும். பின்னாலேயே வினிகர், காளான், பாலாடைக்கட்டி, உலர்ந்த பழங்கள், சர்க்கரை, மது எல்லாம் போகும். கறாரான பட்டியல்களில் தேநீரையும் அடித்துவிடுகிறார்கள். அதே பட்டியல் தமிழ்நாட்டுக்கு வந்தால் இட்லி, தோசை, ஆப்பத்தின் மேலும் சந்தேகம் விழுகிறது. நீலகிரிக்கு ஏறினால் மாவட்டத்தின் பிழைப்பில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்: ஊட்டி வர்க்கி, பேக்கரி பன், மொட்டுக் காளான், தேயிலைத்தூள், சுற்றுலாப் பயணிகள் பொட்டலம் கட்டிக்கொண்டு போகும் சாக்லேட்டும்கூட, ஏனென்றால் கொக்கோ விதையைப் பதப்படுத்துகையில் ஈஸ்ட்டும் வேலை செய்கிறது. இந்த உணவுமுறைக்கு மாறியவர்களில் பலர் உண்மையாகவே தேறுகிறார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் தேறுவதற்குக் காரணம் ஈஸ்ட்டை விட்டது என்பதற்குத்தான் சான்று இல்லை. காரணத்தைத் தவறாகப் பிடித்தால் கிடைத்த பலனும் நிலைக்காது. கவனிக்க வேண்டிய நோயும் கவனிப்பாரற்றுப் போகும். இதை விளக்க நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. உணவின் மேல் சாட்டப்படும் குற்றங்களை எப்படி விசாரிப்பது என்று இந்தியா கற்றுக்கொண்ட இடங்களில் முதன்மையானது குன்னூர்.

இந்தக் கோட்பாடு நம்மூரில் பிறந்ததல்ல. 1983இல் அமெரிக்காவில் ஓரியன் டிரஸ், வில்லியம் குரூக் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே ஒவ்வொரு நூல் வெளியிட்டார்கள். நம் குடலில் வாழும் கேண்டிடா என்ற ஈஸ்ட் அளவுமீறிப் பெருகி, உடல் முழுவதும் நச்சைப் பரப்பி, களைப்பு முதல் மனச்சோர்வு வரை எல்லாத் தொல்லைகளையும் உண்டாக்குகிறது; சர்க்கரையையும் ஈஸ்ட் சேர்ந்த உணவையும் நிறுத்தி, பூஞ்சைக்கொல்லி மருந்து எடுத்தால் எல்லாம் தீரும் என்பது அவற்றின் சாரம். குரூக்கின் நூல் அமோகமாக விற்றது. 1986இல் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர்களின் கழகம் இந்தக் கருத்தைப் பரிசீலித்து, இது ஊகம் மட்டுமே, நிரூபிக்கப்படவில்லை என்று அறிவித்தது. 1990இல் அது சோதனைக்கே உட்படுத்தப்பட்டது. இத்தகைய தொல்லைகள் இருந்த 42 பெண்களுக்கு நிஸ்டாட்டின் என்ற பூஞ்சைக்கொல்லியையும், மருந்தே இல்லாத போலி மருந்தையும், எது எப்போது கொடுக்கப்படுகிறது என்று அவர்களுக்கோ மருத்துவருக்கோ தெரியாதபடி மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பிறப்புறுப்புத் தொற்று உண்மையான மருந்துக்கு நன்றாகவே கட்டுப்பட்டது. களைப்பு, சோர்வு முதலிய உடல் தொல்லைகளும் குறைந்தன. ஆனால் போலி மருந்து கொடுத்த காலத்திலும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைந்தன. ஈஸ்ட்டைக் கொன்றதால்தான் அவை தீர்ந்தன என்றால் அப்படி நடந்திருக்காது. இந்த முடிவு வந்த பிறகும் கோட்பாடு மறையவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுற்றிவந்து, இப்போது நம் அடுக்களைக்குள் நுழைந்திருக்கிறது.

அடிப்படையிலேயே இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. பிரெட்டை உப்பவைக்கும் ஈஸ்ட் வேறு, நோய் உண்டாக்கக்கூடிய கேண்டிடா வேறு. இரண்டும் பூஞ்சை இனத்தைச் சேர்ந்த ஒற்றை உயிரணுக்கள் என்பதைத் தவிர, ஒன்றைத் தின்றால் மற்றொன்று பெருகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பேக்கரி ஈஸ்ட் 60 டிகிரி சூட்டிலேயே செத்துவிடும். வெந்து இறங்கும் பிரெட்டின் நடுப்பகுதியிலோ 90 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும். ஆகவே பன் வழியாக நம் வயிற்றுக்குள் போவது உயிரற்ற ஈஸ்ட். கேண்டிடாவோ பலருடைய வாயிலும் குடலிலும் தோலிலும் எந்தத் தீங்கும் செய்யாமல் குடியிருக்கிறது. அது நோயாக மாறுவதற்கான சூழ்நிலைகள் தெரிந்தவையே: கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், நீண்ட நாள் ஆன்டிபயாடிக், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள், தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் படுத்திருத்தல். குளிர்ப் பிரதேசத்தில் ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் வாயைக் கொப்பளிக்காமல் விட்டால் நாக்கில் வெள்ளை படிவதும் இந்த வகைதான். இவற்றுக்கெல்லாம் பரிசோதனையும் உண்டு, மருந்தும் உண்டு. பட்டியலில் காளானும் தேநீரும் சேர்ந்ததற்கு இந்த அளவு காரணம்கூட இல்லை. காளான் பூஞ்சை இனம் என்பதாலேயே ஈஸ்ட் ஆகிவிடாது. தேயிலைக் கொழுந்து ஆலையில் கருஞ்சிவப்பாக மாறுவது இலையிலேயே உள்ள நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. ஈஸ்ட்டுக்கு அதில் பங்கில்லை.

குன்னூருக்கு வருவோம். அங்கே 1907இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையத்தை வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்துக்காகவே பலரும் அறிவார்கள். அதே வளாகத்தில், ஒற்றை அறையில், 1918இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமானது. 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. இந்திய உணவுகளின் சத்து அளவைப் பட்டியலிட்டு 1937இல் வெளிவந்த கையேடும் குன்னூரில் உருவானதே. மெக்காரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டு அதைத் தயாரித்தார். மெக்காரிசன் செய்த சோதனைகளில் புகழ்பெற்றது வெவ்வேறு மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் செழித்தன. வெள்ளை பிரெட், மார்கரின், சர்க்கரை தூக்கலான டீ, வெந்து குழைந்த காய், டப்பா இறைச்சி கொண்ட ஏழை ஆங்கிலேயர் உணவைத் தின்றவை வளர்ச்சி குன்றி நோயுற்றன. மேலோட்டமாகப் பார்க்கிறவர் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவார்? சப்பாத்தியில் ஈஸ்ட் இல்லை, எலி செழித்தது. பிரெட்டில் ஈஸ்ட் இருக்கிறது, எலி நலிந்தது. ஆகவே ஈஸ்ட் கெடுதல் என்றுதானே? இன்றைக்கு ஈஸ்ட் இல்லா உணவை ஆதரித்துப் பேசுகிறவர்களின் வாதம் அச்சு அசல் இதுதான். மெக்காரிசன் அந்த முடிவுக்கு வரவில்லை. தவிடும் முளையும் நீக்கப்பட்ட மாவு, பாலும் காயும் போதாமை, உயிர்ச்சத்துக் குறைபாடு என்பதே அவர் கண்ட காரணம். இரண்டு உணவுகளுக்கு இடையே பத்து வேறுபாடுகள் இருக்கும்போது, கண்ணில் பட்ட ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது.

அந்த எச்சரிக்கை சரியே என்பதைக் காட்டியவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். பம்பாயில் கர்ப்பிணிகள், அதிலும் ஏழை நெசவாலைத் தொழிலாளிப் பெண்கள், ஒருவகைக் கடும் ரத்தசோகையால் பாதிக்கப்பட்டதை ஆராய 1928இல் அவர் இந்தியா வந்தார். அவர்களுடைய ரத்தச் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. 1929இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் அவர் ஆய்வைத் தொடர்ந்தார். பிறகு சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைக்கும் திருவல்லிக்கேணி மகளிர் மருத்துவமனையிலும் பணியாற்றினார். ஏழைப் பெண்களின் உணவையே எலிகளுக்குக் கொடுத்தார்; எலிகளுக்குச் சோகை கண்டது; உணவோடு ஈஸ்ட் சேர்த்தபோது அது தடுக்கப்பட்டது. ஆனால் எலிகளிடம் பேன் வழியே பரவும் ஒரு தொற்று குறுக்கிட்டு முடிவைக் குழப்பியதால், குரங்குகளை வைத்துத் திரும்பச் செய்தார். சோகை கண்ட குரங்குகளுக்கு மலிவு விலை ஈஸ்ட் சாரமான மார்மைட் கொடுத்ததும் அவை தேறின. அதையே கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அந்த முடிவு வெளிவந்தது. ஈஸ்ட்டிலும் ஈரலிலும் இருந்த, அன்றைக்கு இன்னதென்று தெரியாத அந்தப் பொருளை வில்ஸ் காரணி என்றே அழைத்தார்கள். 1941இல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் என்று அதற்குப் பெயர் வந்தது. இலங்கையில் 1934–35இல் மலேரியா கொள்ளைநோயாகப் பரவியபோது, அங்கே சூரியமல் என்ற இயக்கத்தின் தொண்டர்கள் நலிந்துபோன கிராமத்து மக்களுக்கு மார்மைட்டை எடுத்துச் சென்றார்கள். இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரைக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

இதைச் சொல்வது எல்லோரும் ஈஸ்ட் தின்ன வேண்டும் என்பதற்காக இல்லை. பன்னில் இருக்கும் ஈஸ்ட் மிகச் சொற்பம். அதை நிறுத்துவதால் யாருக்கும் ஃபோலேட் குறைந்துவிடாது, கீரையும் பருப்பும் தின்றாலே போதும். வில்ஸின் ஆய்வில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் முறை. பேன் குறுக்கிட்டதும் தமக்குச் சாதகமாக வந்த முடிவையே அவர் நம்ப மறுத்தார். ஒன்றை மட்டும் மாற்றினார், மற்றவற்றை அப்படியே வைத்தார், விளைவைப் பார்த்தார், இன்னொரு முறை செய்தார். ஈஸ்ட்டைக் கைவிட்டதால் தேறினேன் என்கிற ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது. கூடவே வேறு எதையெல்லாம் கைவிட்டீர்கள்?

அதற்கு விடை தேட வர்க்கியைப் பார்த்தால் போதும். அது மைதா, சர்க்கரை, உப்பு, கொழுப்பு இவற்றின் கூட்டு. அடுக்கடுக்காகக் கொழுப்பைத் தடவி மடித்துச் சுட்டெடுப்பதால்தான் அந்த மொறுமொறுப்பு. கடையில் வாங்கும் ஈஸ்ட் போடாமல், புளித்த மாவையே உறையாக வைத்துப் பிசைகிற வழக்கமும் வர்க்கி பேக்கரிகளில் உண்டு. சேர்மானத்தில் ஈஸ்ட் என்ற பெயரைத் தேடுகிறவருக்கு அப்படிப்பட்ட வர்க்கி ஆபத்தற்ற பண்டமாகத் தெரியும். மைதாவும் கொழுப்பும் சர்க்கரையும் அதில் ஒரு கிராம் குறைந்திருக்காது. மாறாக, ஈஸ்ட் பட்டியலைப் பார்த்துப் பயந்து வர்க்கி, பன், கேக், பிஸ்கட், பீர், சாக்லேட், சர்க்கரை போட்ட டீ அத்தனையையும் நிறுத்துகிறவரை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு அவர் உள்ளே தள்ளும் சர்க்கரையும் கொழுப்பும் சட்டென்று இறங்கிவிடும். மாலை நான்கு மணிக்கு டீயும் வர்க்கியும் இருந்த இடத்தில் சுண்டலோ பழமோ வரும். எடை குறையும், உப்புசம் குறையும், பகல் தூக்கம் குறையும். நலம் பெற்றது நிஜம். ஈஸ்ட்டுக்கு அதில் பங்கு உண்டா என்பது மட்டும் கடைசிவரை சோதிக்கப்படவே இல்லை. மது குடித்து வந்தவர் அதையும் சேர்த்து நிறுத்தியிருந்தால், எதனால் தேறினார் என்று விளக்கவே வேண்டாம்.

பிரெட் தின்றால் நிஜமாகவே வயிறு பொருமுகிறது என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கோதுமையில் ஃப்ரக்டான் என்ற ஒருவகை மாவுச்சத்து உண்டு. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதித்து வாயுவாகிறது. கோதுமைப் புரதமான குளூட்டன் தங்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று நம்பிய 59 பேரை வைத்து நார்வேயில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், அவர்களுக்கு அதிகத் தொல்லை கொடுத்தது குளூட்டன் அல்ல, ஃப்ரக்டான் என்று தெரியவந்தது. வெங்காயத்திலும் பூண்டிலும்கூட இதே பொருள் இருக்கிறது. ஈஸ்ட்டா, கோதுமையா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்க நம்மூர் உணவே வழி தருகிறது. பரோட்டாவில் ஈஸ்ட் கிடையாது, ஆனால் மைதா உண்டு. ஈஸ்ட்டோ கள்ளோ சேர்த்துப் புளிக்கவைத்த ஆப்பத்தில் ஈஸ்ட் உண்டு, ஆனால் கோதுமை கிடையாது. இரண்டு மூன்று வாரம் இரண்டையும் நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளியில் சாப்பிட்டுப் பார்க்கலாம். பரோட்டாவுக்குப் பொருமி, ஆப்பத்துக்குப் பொருமாவிட்டால் ஈஸ்ட்டைக் குற்றம் சொல்ல இடமில்லை. ஆப்பத்துக்கு மட்டும் திரும்பத் திரும்பத் தொல்லை வந்தால், மருத்துவரிடம் போய்ச் சொல்வதற்கு உருப்படியான ஒரு தகவல் கையில் இருக்கும்.

இன்றைய பேக்கரி ஈஸ்ட் செயற்கையானது, அதையும் நம் பாட்டிமார் புளிக்கவைத்த மாவையும் ஒன்றாகப் பேசலாமா என்று ஒரு மறுப்பு எழும். இதில் பாதி உண்மை இருக்கிறது. பொட்டலத்தில் வருவதும் இயற்கையில் வாழ்ந்த உயிரினமே, தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மாறியிருப்பது நேரம். நிறைய ஈஸ்ட் போட்டு, சர்க்கரை சேர்த்து, ஒரு மணி நேரத்தில் உப்பவைத்து அடுப்பில் தள்ளும் பிரெட்டில் ஃப்ரக்டான் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறது. சில மணி நேரம் பொறுமையாகப் புளிக்கவிட்டால் ஈஸ்ட்டே அதில் பெரும்பகுதியைத் தின்று தீர்த்துவிடும். தானியத் தவிட்டில் இருந்துகொண்டு இரும்பையும் துத்தநாகத்தையும் உடலில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலமும் புளிப்பில் குறைகிறது. ஆக, அவசரப் பன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஈஸ்ட் தன் வேலையைச் செய்து முடிக்க நேரம் தரவில்லை என்று பொருள். ஈஸ்ட்டை நீக்கிவிட்டு பேக்கிங் பவுடரும் சோடாவும் போட்டு உப்பவைத்த மாற்றுப் பண்டங்களில் இந்த நன்மை எதுவும் இல்லை. சோடியம் வேண்டுமானால் கூடியிருக்கும்.

இட்லி, தோசை மேல் விழும் சந்தேகம் இதைவிடக் கவலைக்குரியது. அரிசி–உளுந்து மாவைப் பொங்கவைப்பதில் பெரும்பங்கு லியூக்கோனாஸ்டாக் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்களுடையது. காட்டு ஈஸ்ட்டுகள் துணைக்கு இருக்கும். புளிக்கும்போது பி வைட்டமின்கள் சில கூடுகின்றன, ஃபைட்டிக் அமிலம் குறைகிறது, உளுந்தின் புரதம் எளிதில் செரிக்கும் நிலைக்கு வருகிறது. ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் மாவு பொங்குவதே பெரும்பாடு. அடுப்பங்கரையில் வைத்துக் கம்பளி போர்த்தியும் பொங்காவிட்டால் ஒரு சிட்டிகை ஈஸ்ட் போடுகிறவர்களும் உண்டு. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. காய்ச்சலில் கிடப்பவருக்கும் பல் முளைக்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் நம்பிக் கொடுக்கும் உணவை, வேறொரு நாட்டுப் பட்டியல் ஒன்றைப் பார்த்துவிட்டுத் தட்டிலிருந்து எடுத்தால் அந்த இடத்தில் என்ன வரும் என்று யோசிக்க வேண்டும். வசதியுள்ளவருக்கு இறக்குமதிச் சரக்கு வரலாம். எஸ்டேட் லைன் வீட்டில் அந்த இடத்தில் வெறும் கஞ்சியோ டீயோதான் வரும்.

மலை மக்கள் பிரெட் தின்றா வாழ்ந்தார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. படுகர் ராகியும் சாமையும் விளைவித்து உண்டார்கள், தோடர் வாழ்வு பாலையும் மோரையும் சுற்றியே இருந்தது. பிரெட்டும் கேக்கும் ஆங்கிலேயர் மலையேறி வந்து, உதகையைக் கோடைத் தலைநகராக்கி, வெல்லிங்டனில் படையை நிறுத்திய பின் பரவியவை. அந்தப் பழைய உணவுக்குத் திரும்புவது நல்ல யோசனை. ஆனால் ராகிக் களியின் சிறப்பு அதில் ஈஸ்ட் இல்லை என்பதா? முழுத் தானியம், நார்ச்சத்து, சுண்ணாம்புச் சத்து, சர்க்கரை இல்லாமை, அதோடு மலையேறி இறங்கும் உழைப்பு, இவைதான் அதன் சிறப்பு. மோரும் தயிரும் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்தவையே என்பதை இந்த வாதம் மறந்துவிடுகிறது. சிறுதானியத்தைப் போற்ற ஈஸ்ட்டைத் தூற்ற வேண்டியதில்லை.

சரி, ஈஸ்ட்டை விட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்பது எல்லாவற்றிலும் வலுவான கேள்வி. திடமான உடல்நிலையோடு ஒருவர் ஒரு மாதம் பன்னையும் கேக்கையும் நிறுத்தினால் நஷ்டம் எதுவும் இல்லை, லாபமே. நோயை வைத்துக்கொண்டு நிறுத்தும்போதுதான் ஆபத்து. அடிக்கடி பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் வருகிற பெண்ணுக்கு அது கண்டறியப்படாத சர்க்கரை நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். அவர் ரத்தச் சர்க்கரையைப் பார்க்காமல் பிரெட்டை நிறுத்திக்கொண்டு ஆறு மாதம் காத்திருந்தால், அந்த ஆறு மாதமும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் நஷ்டம். ஓயாத களைப்பு ரத்தசோகையாகவோ தைராய்டு குறைவாகவோ இருக்கலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் டீயானது காய்கறி, தானியங்களில் உள்ள இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. டீயே பாதி உணவாகிப்போன மலையில் களைத்த பெண்ணிடம் கேட்க வேண்டியது ஹீமோகுளோபின் அளவு எவ்வளவு என்பதே. கோதுமைப் புரதத்தால் குடல் புண்ணாகும் சீலியாக் நோய் உள்ளவர் பிரெட்டை விட்டால் கொஞ்சம் தேறுவார். ஈஸ்ட்தான் காரணம் என்று நம்பிச் சப்பாத்தியைத் தொடர்ந்தால் குடல் தொடர்ந்து கெடும். அந்த நோய்க்கான ரத்தப் பரிசோதனையையும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். இதற்கிடையே, ரத்தத்தில் உணவுகளுக்கு எதிரான ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளின் அளவைப் பார்த்து, உங்களுக்கு ஈஸ்ட் ஆகாது என்று அச்சடித்துத் தரும் பரிசோதனைகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. ஒரு உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதற்கு மேல் அந்த அளவு எதையும் காட்டுவதில்லை. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008லேயே இதை நோய் கண்டறியப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

ஈஸ்ட்டை உண்மையிலேயே தவிர்க்க வேண்டியவர்கள் ஒரு சிலர் இருக்கிறார்கள். ஈஸ்ட் ஒவ்வாமை அரிது, ஆனால் உண்டு. சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் ஒவ்வாமை மருத்துவரிடம் போக வேண்டும். மனச்சோர்வுக்கான சில பழைய வகை மருந்துகளை எடுப்பவர்கள் ஈஸ்ட் சாரத்தைத் தொடக் கூடாது. அதிலுள்ள டைரமின் ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். வயிற்றுப்போக்குக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் பொலார்டி என்ற உயிருள்ள ஈஸ்ட்டும், எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் ரத்தக்குழாயில் நீண்டநாள் குழாய் பொருத்தியவர்களுக்கும் ஆகாது. இந்த விதிவிலக்குகள் ஒவ்வொன்றுக்கும் தெளிவான காரணம் இருக்கிறது, யாருக்கு என்ற வரையறையும் இருக்கிறது. எல்லோருக்கும் எல்லா நோய்க்கும் என்று விரியும் பட்டியலுக்கு இல்லாதது அதுவே.

ஆகவே நீலகிரிக்குத் தேவை வேறு வகையான உணவுத் திருத்தம். வர்க்கியை ஒழிக்க வேண்டியதில்லை. அது தினசரி உணவாக இல்லாமல் எப்போதாவது தின்னும் பண்டமாக இருந்தால் போதும். பேக்கரிகள் மைதாவில் ஒரு பங்கையாவது முழுக்கோதுமைக்கும் ராகிக்கும் மாற்றி, ஈஸ்ட்டுக்குப் போதிய நேரம் கொடுத்து, சர்க்கரையையும் உப்பையும் குறைத்த பன்னை விற்கலாம். பொட்டலத்தில் கொழுப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்று படிக்கும்படி அச்சிடலாம். தொழிலாளர்கள் டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கவும், தட்டில் பருப்பும் கீரையும் கூடவும் எஸ்டேட் நிர்வாகங்கள் வழி செய்யலாம். மலையில் விளையும் காய்கறி லாரியேறிச் சமவெளிக்குப் போகும் வேகத்தில் லைன் வீட்டுச் சமையலறைக்கும் வர வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை நோயையும் ரத்த அழுத்தத்தையும் கவனிக்க ஊழியர்கள் வீடுதேடி வருகிறார்கள். தீராத களைப்பும் திரும்பத் திரும்ப வரும் அரிப்பும் உள்ளவர்கள் உணவுப் பட்டியலைத் தேடுவதற்கு முன்பு அவர்களிடம் கையை நீட்டி ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வதும், சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினைப் பார்த்துக்கொள்வதும் நல்லது. அதற்குப் பிறகும் ஏதோ ஓர் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால், ஒன்றை மட்டும் நிறுத்தி, திரும்பச் சேர்த்து, இன்னொரு முறை உறுதிசெய்து முடிவு கட்டலாம். பேக்கரியில் இருந்து கைநிறைய வாங்கிவந்த பொட்டலத்தில் மைதா, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, ஈஸ்ட் என்று ஐந்து பேர் இருக்க, ஆக இளைத்தவனும் அடுப்பிலேயே செத்துப்போனவனுமான ஒருவனைப் பிடித்துக் கூண்டில் ஏற்றிவிட்டு மற்ற நால்வரையும் வீட்டுக்கு அனுப்புவது நல்ல விசாரணை ஆகாது.